பிளாஸ்டிக் ஹெட்டைக் கண்டுபிடித்தவர் ரெமோ பெல்லியா, இவான்ஸா?

ட்ரம்ஸ் கற்றுக்கொள்ளும் ஒருவர் இப்படிக் கேட்டிருக்கிறார்: "ட்ரம்ஸுக்குப் பிளாஸ்டிக் ஹெட் கண்டுபிடித்தது ரெமோ பெல்லி என்று என் மாஸ்டர் சொல்கிறார். இவான்ஸ்தான் முதலில் என்று சிலர் எழுதுகிறார்கள். எது சரி? ரெமோவை ட்ரம் தொழிலின் தந்தை என்று சொல்லலாமா? என் ஸ்நேருக்கு இந்த இரண்டில் எதை வாங்குவது?" ஹெட் என்பது ட்ரம்மின் வாயில் இழுத்துக் கட்டி நாம் அடிக்கும் பரப்பு; ஸ்நேர் என்பது அடியில் கம்பிகள் ஓடும் சின்ன ட்ரம்; ரெமோ, இவான்ஸ் இரண்டும் ஹெட்டுக்குப் பெயர்போன கம்பெனிகள். மூன்று கேள்விபோலத் தெரிந்தாலும் முதல் இரண்டும் ஒன்றுதான். ஒரு பொருளை முதலில் செய்தவருக்குப் பெயரா, எல்லார் கைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தவருக்குப் பெயரா என்றுதான் நீங்கள் கேட்கிறீர்கள். கடைசிக் கேள்விக்குக் கடைசியில் வருகிறேன்.

நான் 26 வருடமாக மெல்லிசைக் குழுக்களிலும் தேவாலயங்களிலும் ட்ரம்ஸ் வாசிக்கிறேன். அதில் பாதிக் காலமாகப் பழைய ட்ரம்ஸைப் பழுதுபார்த்து, டியூன் செய்து கொடுப்பதும் என் வேலை. வேதியியலோ உலோகவியலோ படித்தவன் இல்லை. அதனால் பிளாஸ்டிக்கைப் பற்றியும் சிம்பல் என்ற வெண்கலத் தட்டின் உலோகத்தைப் பற்றியும் நான் சொல்வது ஒரு கைவேலைக்காரனின் புரிதல் என்ற அளவில் எடுத்துக்கொள்ளுங்கள். யார், எந்த ஆண்டு, எங்கே என்பதில் உறுதியாகத் தெரிந்ததை உறுதியாகச் சொல்கிறேன். கதையாகச் சொல்லப்படுவதைக் கதை என்றே சொல்லிவிடுகிறேன்.

முதலில், தோல் ஹெட் என்றால் என்ன பாடு என்று தெரிய வேண்டும். 1950களின் பாதி வரை ட்ரம்ஸில் இருந்தது பெரும்பாலும் கன்றுத் தோல். சில வருடங்களுக்கு முன் பேண்டு வாத்தியக் குழு வைத்திருந்த பெரியவர் ஒருவர் தன் பழைய பேஸ் ட்ரம்மைத் தூக்கிக்கொண்டு வந்தார். தோல்தான் போட வேண்டும், பிளாஸ்டிக் வேண்டாம் என்பது அவர் விருப்பம். வட்டமாக வெட்டிய தோலைத் தண்ணீரில் ஊறப்போட்டேன். பலகைபோல விறைத்திருந்தது, ஊறியதும் ஈர வேட்டி மாதிரித் துவண்டது. அதை மர வளையத்தின் மேல் விரித்து, ஓரத்தை வளையத்தைச் சுற்றி மடித்து, ஸ்பூன் காம்பால் உள்ளே சொருகிக்கொண்டே வர வேண்டும். ஒரு இடத்தில் சொருகினால் உடனே அதற்கு நேர் எதிரே சொருக வேண்டும், இல்லாவிட்டால் ஒரு பக்கம் இழுத்துக்கொள்ளும். அப்புறம் நிழலில் காய வேண்டும். அவசரப்பட்டு வெயிலில் வைத்தால் தோல் படக்கென்று இறுகி வளையத்தையே கோணலாக்கிவிடும். காய்ந்த பிறகு லேசாகத் தட்டினேன். பிளாஸ்டிக்கில் நான் கேட்டே இராத சத்தம், அடிவயிற்றில் இறங்கியது. பெரியவர் கண் கலங்கிவிட்டார். அடுத்த வாரம் மழை பிடித்தது. "தம்பி, ட்ரம் பேச மாட்டேங்குது" என்று ஃபோன் செய்தார். தோல் ஈரத்தைக் குடித்துத் தொய்ந்துவிட்டது.

நம் ஊரில் பறை அடிப்பவர்கள் ஆட்டத்துக்கு முன் சருகைக் கொளுத்திப் பறையைக் காய்ச்சுவதும் இதே காரணத்துக்குத்தான். அமெரிக்காவில் நாட்டியக் குழுக்களில் வாசித்தவர்களுக்கும் அதே தொல்லை. ஈரமான இரவில் ஸ்நேர் செத்துப்போகும். வறண்ட குளிர்காலத்தில் மறந்துபோய்க் கட்டியபடியே விட்டுவிட்டுத் தூங்கினால் காலையில் தோல் வெடித்திருக்கும். வாசித்து முடித்ததும் ஸ்க்ரூவை எவ்வளவு தளர்த்துவது, மறுநாள் எவ்வளவு இறுக்குவது என்பதே ஒரு தனி வித்தையாக இருந்தது.

இப்போது யார் முதல் என்பதற்கு வருவோம். டூபாண்ட் நிறுவனம் மைலார் என்ற பெயரில் பாலியெஸ்டர் படலத்தை விற்கத் தொடங்கிய பிறகு, அதை ட்ரம்மில் போட்டுப் பார்க்கலாம் என்ற எண்ணம் ஒரே காலத்தில் பல பேருக்கு வந்தது. ஜிம் இர்வின் என்பவர் 1953-இலேயே இப்படி ஒரு ஹெட் செய்தார் என்றும், டியூக் எலிங்டனின் ஜாஸ் குழுவில் நெடுங்காலம் வாசித்த சானி கிரீர் அதைப் பயன்படுத்தினார் என்றும் சொல்லப்படுகிறது. அது கடைக்கு வந்த பொருள் அல்ல. நியூ மெக்சிகோவின் சாண்டா ஃபேயில் இருந்த சிக் இவான்ஸ் 1956-இல் பாலியெஸ்டர் ஹெட் செய்து விற்கத் தொடங்கினார். அவரும் ஒரு ட்ரம்மர். ரெமோ பெல்லியின் நிறுவனம் தொடங்கியது 1957 ஜூனில். ஆக, தேதி வைத்துப் பார்த்தால் உங்கள் மாஸ்டர் சொன்னது சரியில்லை. விற்பனைக்கு முதலில் கொண்டு வந்தவர் இவான்ஸ்.

ஆனால் உங்கள் மாஸ்டரை நான் முழுக்க விட்டுக்கொடுக்க மாட்டேன். படலம் கிடைத்ததோடு வேலை முடியவில்லை, அதை எப்படிப் பிடித்து நிறுத்துவது என்பதுதான் கஷ்டமே. தோல் ஊறினால் வளையும், மடியும், காய்ந்தால் வளையத்தைத் தானே கவ்விக்கொள்ளும். பிளாஸ்டிக் அப்படிச் செய்யாது. மர வளையத்தில் ஆணி வைத்து அடித்தால், இறுக்க இறுக்க ஆணி அடித்த இடத்திலிருந்து கிழியும், நழுவும். ரெமோவுக்கு அப்போது ஹாலிவுட்டில் ராய் ஹார்ட் என்ற ட்ரம்மரோடு சேர்ந்து 'ட்ரம் சிட்டி' என்று ஒரு கடை இருந்தது. அவரே வாசிப்பவர் என்பதால், வாசிப்பவர்களின் புலம்பல் தினமும் அவர் காதில் விழுந்துகொண்டிருந்தது. அவருடைய கணக்கர் சிட் கெர்வின் மூலம் சாம் மக்னிக் என்ற வேதியியலாளரின் அறிமுகம் கிடைத்தது. மக்னிக் ஒரு வழி சொன்னார். படலத்தின் ஓரத்தில் வரிசையாகத் துளை போட்டு, அந்த ஓரத்தை அலுமினியக் கால்வாய் போன்ற வளையத்துக்குள் இறக்கி, பிசினை ஊற்றிவிட்டார். பிசின் துளைகளுக்குள் புகுந்து இறுகியதும் ஓரம் முழுவதும் ஒரே சீராகப் பிடித்துக்கொண்டது. வெதர் கிங் என்று பெயர் வைத்தார்கள், வானிலையை வென்றது என்ற பொருளில்.

இதைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால், கிழிந்த பழைய ஹெட் ஒன்றின் அலுமினிய வளையத்தை ரம்பத்தால் அறுத்துப் பாருங்கள். வெட்டுவாயில், கெட்டியான பிசினுக்குள் படலத்தின் ஓரம் புதைந்திருப்பது தெரியும். நான் முதன்முதலில் அறுத்துப் பார்த்த அன்று அந்தத் துண்டை மேஜையில் வைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு மேடையில் எத்தனை ஆயிரம் அடி விழுகிறது, அத்தனையையும் தாங்குவது இந்தச் சின்னக் கால்வாய்தான். என் கணக்கில் பிளாஸ்டிக் ஹெட்டின் கதையில் அதிகம் பேசப்பட வேண்டியவர் மக்னிக். நம் ஊரில் ட்ரம்ஸ் வாசிப்பவர்களில் நூற்றுக்கு ஒருவருக்குக்கூட அவர் பெயர் தெரியாது.

இவான்ஸின் நிறுவனம் பிறகு கான்சாஸ் மாநிலத்தின் டாட்ஜ் சிட்டியைச் சேர்ந்த பாப் பீல்ஸ் கைக்குப் போனது. 1995-இல் கிதார் கம்பி செய்யும் டடாரியோ அதை வாங்கியது. ரெமோ பெல்லி 2016-இல், 88 வயதில் இறக்கும் வரை அந்தத் தொழிலிலேயே இருந்தார். கடைசிப் பல வருடங்கள், ட்ரம்ஸ் தெரியாதவர்களையும் வட்டமாக உட்கார வைத்துக் கூட்டாக அடிக்க வைப்பது உடலுக்கும் மனதுக்கும் நல்லது என்று சொல்லி அதற்காகவே பணம் செலவழித்தார்.

சரி, அவரைத் தொழிலின் தந்தை என்று சொல்லலாமா? கூடாது என்பது என் கருத்து. உங்கள் ட்ரம்ஸ் முன் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பாருங்கள், ஒவ்வொன்றுக்கும் வேறு ஆள் நிற்பார்கள்.

வலது காலுக்குக் கீழே பெடல், மிதித்தால் பேஸ் ட்ரம் என்ற பெரிய ட்ரம்மை அடிப்பது. அது வருவதற்கு முன் பேஸ் ட்ரம்மையும் ஸ்நேரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒருவரே கையால் மாற்றி மாற்றி அடித்தார்கள், அல்லது இரண்டு ஆள் வைத்துக்கொண்டார்கள். நியூ ஆர்லியன்ஸில் டீ டீ சாண்ட்லர் என்ற கறுப்பின ட்ரம்மர் 1890களிலேயே மரத்தில் ஒரு பெடல் செய்து வாசித்ததாகச் சொல்வார்கள். அவரைப் போல வேறு சிலரும் செய்திருக்கிறார்கள், முதல் பெடல் யாருடையது என்று அடித்துச் சொல்வது சரியாக இருக்காது. உறுதியானது என்னவென்றால், ஜெர்மனியில் பிறந்து சிறுவயதில் சிகாகோவுக்கு வந்த வில்லியம் எஃப். லட்விக், ராக்டைம் என்ற துள்ளல் இசையின் வேகத்துக்கு அப்போதிருந்த பெடல்கள் ஈடுகொடுக்காததால் தானே ஒன்றை வடிவமைத்தார். 1909-இல் தம்பி தியோபால்டுடன் சேர்ந்து லட்விக் அண்ட் லட்விக் என்று தொழில் தொடங்கினார். அவருடைய பெடல் சின்னது, உலோகத்தில் ஆனது, சட்டென்று திரும்பி வருவது. ஒரே ஆள் உட்கார்ந்து முழு ட்ரம்ஸையும் வாசிக்கலாம் என்பது தொழிலாக மாறியது இதில்தான். 1929 வாக்கில் நிறுவனம் கான் என்ற பெரிய கம்பெனியிடம் போனது. லட்விக் அங்கே இருக்கப் பிடிக்காமல் வெளியே வந்து 1937-இல் டபிள்யூஎஃப்எல் என்று வேறு பெயரில் மறுபடி தொடங்கினார். சொந்தப் பெயரையே பயன்படுத்த முடியாத நிலை. 1955-இல் அந்தப் பெயரைத் திரும்ப வாங்கினார்கள். அவர் தொழில் தொடங்கி 46 வருடம் ஆகியிருந்தது.

இடது காலில் ஹை-ஹாட், மிதித்தால் ஒன்றோடொன்று மோதும் இரண்டு சிம்பல். முதலில் கணுக்கால் உயரத்தில் மட்டும் இருந்தது, காலால் மட்டும் வாசிக்கும் தாழ்ந்த ஸ்டாண்ட். 1920களின் பின்பாதியில் யாரோ குழாயை நீட்டிக் கை எட்டும் உயரத்துக்குக் கொண்டு வந்தார்கள். 'யாரோ' என்று சொல்வதற்குக் காரணம், இந்தப் பெருமையை ஒன்றுக்கு மேற்பட்ட ட்ரம்மர்களுக்குக் கொடுக்கிறார்கள். மாசசூசெட்ஸில் வூஸ்டர் நகரத்தின் வால்பெர்க் அண்ட் ஆஜ் என்ற பட்டறை இந்த ஸ்டாண்டுகளைச் செய்து மற்ற கம்பெனிகளுக்குக் கொடுத்தது, அதுவரை நிச்சயம்.

டாம்-டாம்கள், அதாவது கம்பி இல்லாத ட்ரம்கள், ஆரம்பத்தில் சீனாவிலிருந்து வந்தவை, தோலை ஆணியால் அடித்திருப்பார்கள், டியூன் செய்ய வழி கிடையாது. ட்ரம்மர் ஜீன் க்ரூப்பா 1930களில் ஸ்லிங்கர்லேண்ட் கம்பெனியிடம் மேலும் கீழும் இரண்டு பக்கமும் டியூன் செய்யக்கூடிய டாம் கேட்டு வாங்கினார். 1938 ஜனவரி 16-ஆம் தேதி பென்னி குட்மேன் குழுவோடு கார்னெகி ஹாலில் அவர் வாசித்த பிறகு ட்ரம்மர் என்பவர் பின்வரிசை ஆள் என்ற எண்ணமே போயிற்று. இங்கே கவனியுங்கள், செய்தது கம்பெனி, செய்ய வைத்தது வாசிப்பவர். பாலக்காடு மணி ஐயருக்கு மிருதங்கம் செய்து கொடுத்த தஞ்சாவூர் பர்லாந்தை நினைத்துக்கொள்வேன் நான். மேடையில் ஒருவர் பெயர் கேட்கிறது, அதே நாதத்துக்குப் பட்டறையில் இன்னொருவர் கை வேலை செய்திருக்கிறது.

சிம்பலுக்கு வந்தால் கதை நீளம். சிம்பல் செய்யும் சில்ஜியன் குடும்பம் ஆர்மீனியர்கள். தங்கம் செய்யப்போன அவேதிஸ் என்ற ரசவாதி 1618-இல் கான்ஸ்டான்டிநோபிளில் (இன்றைய இஸ்தான்புல்) இந்த உலோகக் கலவையைக் கண்டுபிடித்தார் என்பது குடும்பத்தில் வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. 400 வருடத்துக்கு முந்தைய பட்டறையில் நடந்ததை இன்று யாரும் நிரூபிக்க முடியாது, அதை அந்த அளவில் வைத்துக்கொள்ளலாம். கலவை என்ன என்பதில் ரகசியம் இல்லை: சுமார் 80 பங்கு செம்பு, 20 பங்கு வெள்ளீயம், துளி வெள்ளி. கோயில் மணி வார்க்கும் வெண்கலமும் ஏறக்குறைய இந்த ஜாதிதான். இவ்வளவு வெள்ளீயம் சேர்த்தால் உலோகம் நன்றாக ஒலிக்கும், ஆனால் கண்ணாடி மாதிரி நொறுங்கும். அதைத் திரும்பத் திரும்பச் சூடாக்கி, உருட்டி, சுத்தியலால் அடித்துத் தகடாக்குவதுதான் வித்தை.

அந்தக் குடும்பத்தில் இன்றைய ட்ரம்ஸுக்கு முக்கியமானவர் மூன்றாம் அவேதிஸ். அமெரிக்காவுக்கு வந்து மிட்டாய்த் தொழில் செய்துகொண்டிருந்தவர். குடும்பத் தொழிலை ஏற்றுக்கொள்ளும்படி 1927-இல் சித்தப்பா அராமிடமிருந்து கடிதம் வந்தது. துருக்கிக்குத் திரும்பாமல், 1929-இல் பாஸ்டனுக்குப் பக்கத்தில் குவின்சியில் வார்ப்படத்தைத் தொடங்கினார். அதே வருடம் பொருளாதாரச் சரிவு. தாக்குப்பிடித்ததற்குக் காரணம் அவர் ட்ரம்மர்களைத் தேடிப்போய்ப் பேசியது. க்ரூப்பா இன்னும் மெல்லிய சிம்பல் கேட்டார், செய்து கொடுத்தார். இன்று நாம் சொல்லும் ரைட், க்ராஷ், ஸ்ப்ளாஷ் என்ற வகைகளும் பெயர்களும் அப்படிப் பேசிப் பேசி உருவானவை. 1979-இல் அவர் இறந்ததும் மகன்கள் ஆர்மண்டும் ராபர்ட்டும் பிரிந்தார்கள். ராபர்ட் கனடாவின் மெடக்டிக் ஊரில் இருந்த ஆலையை எடுத்துக்கொண்டு, தன் பிள்ளைகள் சாலி, பில்லி, ஆண்டி பெயர்களின் முதல் எழுத்துகளைச் சேர்த்து சேபியன் தொடங்கினார். இஸ்தான்புல்லில் சில்ஜியனின் பழைய பட்டறை மூடியபோது அங்கே வேலை செய்த மெஹ்மெத், அகோப் என்ற இருவர் 1980 வாக்கில் இஸ்தான்புல் என்ற பெயரில் தாங்களே தொடங்கினார்கள். கடையில் எதிரெதிராக மாட்டியிருக்கும் இந்த மூன்று பெயர்களும் ஒரே அடுப்பிலிருந்து வந்தவை.

கையில் இருக்கும் ஸ்டிக்குக்கும் ஆள் உண்டு. நயாகரா ஃபால்ஸில் மரவேலை செய்துகொண்டே ட்ரம்ஸ் வாசித்த ஜோ கலாட்டோ, முனை சீக்கிரம் பிய்ந்துபோவதைப் பார்த்து 1958-இல் நைலான் முனை போட்டார். பாஸ்டன் சிம்பனியில் 1956 முதல் 2002 வரை டிம்பனி என்ற பெரிய கொப்பரை ட்ரம்மின் தலைமை வாசிப்பவராக இருந்த விக் ஃபர்த், கடையில் கிடைத்த ஸ்டிக் திருப்தி தராமல் தானே செதுக்கினார். ஜோடியின் இரண்டு குச்சியும் ஒரே எடையும் ஒரே சுருதியும் இருக்க வேண்டும் என்பதை ஒரு நியதியாக்கியவர் அவர். உங்கள் ஸ்டிக் இரண்டையும் சிமெண்ட் தரையில் போட்டுச் சத்தம் கேட்டுப் பாருங்கள், அவர் சொன்னது புரியும்.

இவ்வளவு இருந்தும் ட்ரம்ஸ் பெரிய தொழிலானது 1964 பிப்ரவரி 9-க்குப் பிறகு. அன்று இரவு எட் சல்லிவன் நிகழ்ச்சியில் பீட்டில்ஸை 7.3 கோடி பேர் பார்த்தார்கள். ரிங்கோ ஸ்டாரின் பேஸ் ட்ரம்மில் லட்விக் என்ற பெயர் தெளிவாகத் தெரிந்தது. ரிங்கோ தன் முதல் லட்விக் செட்டை வாங்கியது லண்டனில் ஐவர் ஆர்பிட்டரின் கடையில். அந்தக் கடையின் பெயரும் 'ட்ரம் சிட்டி' என்பது எனக்குப் பிடித்த தற்செயல். ட்ரம்மில் லட்விக் பெயரை இடம்பெற வைத்தவர் ஆர்பிட்டர். மறுநாளிலிருந்து பையன்கள் வரிசையில் நின்றார்கள், சிகாகோ ஆலை இரவு பகலாக ஓடியது. இங்கேதான் ரெமோவும் இவான்ஸும் திரும்ப வருகிறார்கள். அத்தனை ட்ரம்முக்கும் கன்றுத் தோல் எங்கிருந்து வந்திருக்கும்? ஏழு வருடம் முன்னால் பிளாஸ்டிக் ஹெட் வந்திராவிட்டால் அந்த வேகத்தில் யாராலும் செய்து கொடுத்திருக்க முடியாது என்று நான் நினைக்கிறேன். இது என் ஊகம், ஆனால் தோலை மடித்துச் சொருகிய கையால் சொல்லும் ஊகம்.

ஜப்பானியர்களைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். பேர்ல் என்ற ட்ரம் கம்பெனியைத் தொடங்கிய கட்சுமி யானகிசாவா 1946-இல் செய்ய ஆரம்பித்தது இசைக் குறிப்பு வைக்கும் ஸ்டாண்ட்தான். அதேபோல் நியூயார்க்கின் மார்ட்டின் கோஹன். கியூபா மீதான வணிகத் தடையால் பாங்கோ என்ற கையால் தட்டும் ஜோடி ட்ரம் கிடைக்காமல் போக, பொறியாளரான அவர் தானே செய்து பார்த்து 1964-இல் எல்பி (லத்தீன் பெர்கஷன்) கம்பெனியைத் தொடங்கினார். நம் மெல்லிசை மேடைக்கு வந்தால், மின்னணு வாத்தியங்கள் செய்யும் ரோலண்டின் நிறுவனர் இக்குதாரோ காக்கெஹாஷியை விட முடியாது. 1985-இல் வந்த ஆக்டபேட், எட்டுச் சதுரங்களில் தட்டும் மின்னணு ட்ரம், நம் ஊர்க் கச்சேரிகளின் முகத்தையே மாற்றியது. நான் முதலில் சம்பளம் வாங்கி வாசித்தது ட்ரம்ஸில் அல்ல, அந்த எட்டுச் சதுரங்களில்.

ஆகவே உங்கள் மாஸ்டரிடம், ரெமோ முதலில் கண்டுபிடித்தவர் அல்ல, ஆனால் நிலைநிறுத்தியவர், அதிலும் பாதிப் பெருமை மக்னிக்குக்கு என்று மரியாதையாகச் சொல்லலாம். அவர் ஏற்றுக்கொள்வார் என்றே நினைக்கிறேன்.

இனி உங்கள் ஸ்நேர். ரெமோ அம்பாசடர், இவான்ஸ் ஜி1, இரண்டுமே 10 மில் (மில் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கனமுள்ள ஒற்றைப் படலம். வெள்ளைப் பூச்சுள்ள கோட்டட் வகையாக வாங்குங்கள். இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைவிட, நீங்கள் டியூன் செய்யும் விதத்தால் வரும் வித்தியாசம் பல மடங்கு அதிகம். கடைக்குப் போகும் முன் ட்ரம் 14 அங்குலமா 13 அங்குலமா என்று ஷெல்லின் குறுக்களவை அளந்துகொள்ளுங்கள், வளையத்தோடு சேர்த்து அளந்து தப்பாக வாங்கி வருபவர்கள் நிறைய. மாட்டும்போது ஸ்க்ரூக்களை முதலில் விரலால் மட்டும் இறுக்குங்கள். அப்புறம் சாவியை எடுத்து, ஒன்றை அரைச் சுற்று, அதற்கு நேர் எதிரே இருப்பதை அரைச் சுற்று என்று போங்கள், தோலைச் சொருகும்போது செய்வது மாதிரியேதான். நடுவில் உள்ளங்கையை வைத்து நன்றாக அழுத்தினால் 'சட சட' என்று சத்தம் வரும். பயப்படாதீர்கள், கால்வாய்க்குள் பிசின் உட்காருகிற சத்தம்.